எழுத்தில் தட்டுகிறதா, மொழியில் தட்டுகிறதா? வாசிக்கத் திணறும் குழந்தையை மதிப்பிடும் முறை

மாலை ஐந்தரை மணிக்கு வட சென்னையில், வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு தெருமுனைப் படிப்பகத்தைத் திறந்து, பாயை விரித்து, பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்த முதல் வாரத்திலேயே, "இவனுக்குப் படிக்கவே வரலை மிஸ், நீங்கதான் பாக்கணும்" என்று ஓர் அம்மா தன் பிள்ளையை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று திகைக்கும் புதிய தன்னார்வலருக்காக இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தே சொல்கிறேன்; மற்ற வயதினருக்கு நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

"படிக்க வரலை" என்பதற்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு குழந்தைக்கு எழுத்தே தெரியாது. இன்னொன்று எழுத்தையெல்லாம் கூட்டி வாசித்துவிடும்; வாசித்ததன் பொருள் அதற்குத் தெரியாது. வேறொன்றுக்குப் புத்தகத் தமிழே அந்நிய மொழி. 1986-இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும், காதால் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமானால் மறுபக்கம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் விடை பூஜ்யம்தான். நீங்கள் செய்யப்போகும் மதிப்பீட்டின் வேலை, எந்தப் பக்கம் குறைகிறது என்று கண்டுபிடிப்பது மட்டுமே. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. பள்ளியில் உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் "அரும்பு" என்பது குழந்தை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, ஏன் அங்கேயே நிற்கிறது என்பதைச் சொல்லாது.

தொடங்குவதற்கு முன்

முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். குழந்தை புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறதா, ஒரு கண்ணைச் சுருக்குகிறதா, நீங்கள் பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று இரண்டு நாள் கவனித்தால் போதும். என்னிடம் வந்த ஒரு சிறுவனுக்கு ஒரு மாதம் உயிர்மெய் நடத்திய பிறகுதான் அவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு மாதம் முழுக்க என் தவறு. சந்தேகம் இருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லச் சொல்லுங்கள், அல்லது 1819-இலிருந்து இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ, காதுக்காக ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ பெற்றோரை அனுப்புங்கள்.

அடுத்தது இடமும் நேரமும். மற்ற பிள்ளைகள் கேட்கும் தூரத்தில் வாசிக்கச் சொல்லாதீர்கள். திணறும் குழந்தை வாசிக்கும்போது பக்கத்திலிருப்பவன் சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிடுவான், அல்லது சிரித்துவிடுவான். மொட்டை மாடிப் படிக்கட்டு, கோயில் திண்ணை, மூடிய கடையின் வாசல் எதுவானாலும் இருவர் மட்டும் உட்கார இடம் இருந்தால் சரி. பசியோடு வந்திருந்தால் முதலில் பிஸ்கட். ஒரு அமர்வு இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மொத்த மதிப்பீட்டையும் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "இது பரீட்சை இல்லப்பா, உனக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கணும்னு அக்கா தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டே தொடங்குங்கள். அது உண்மையும்கூட.

எழுத்து

தமிழில் 247 எழுத்து. அத்தனையையும் கேட்கத் தேவையில்லை. வரிசையாகக் கேட்கவும் கூடாது. வரிசையாகக் கேட்டால் "க, கா, கி, கீ" என்று ராகத்தோடு பாடி முடித்துவிடுவார்கள், அதில் கண்ணுக்கு வேலையே இருக்காது. இருபது சீட்டுகளில் வெவ்வேறு மெய்களையும் வெவ்வேறு குறிகளையும் கலந்து எழுதுங்கள்: மி, கொ, னை, து, ளே, பூ, ற், டோ, இப்படி. அவற்றைக் கலைத்துப்போட்டு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். மூன்று விநாடிக்குள் வந்தால் தெரியும், யோசித்து வந்தால் பழக வேண்டும், வராவிட்டால் கற்பிக்க வேண்டும் என்று மூன்று குவியல் வைத்தால் எழுதிக்கொள்ளும் வேலைகூட மிச்சம்.

பெரும்பாலும் இடறும் இடம் கொம்புகள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. கொ, கோ போன்றவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. துணைக்கால் பார்வைக்கு "ர" போலவே இருப்பதால், "கொக்கு" என்பதைக் "கெரக்கு" என்று வாசிக்கும் பிள்ளை கவனமில்லாமல் வாசிக்கவில்லை, கண்ணில் பட்டதைப் பட்ட வரிசையிலேயே ஒழுங்காக வாசிக்கிறது. வீட்டில் பாட்டி எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் லை, னை போன்றவற்றைத் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் எழுதுவார்கள். குழந்தை அதையும் கற்று, இதையும் கற்று, இரண்டையும் குழப்பிக்கொண்டு நிற்கும்.

சில பிள்ளைகள் சொற்களை முழு உருவமாக மனப்பாடம் செய்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பொருளில்லாத சொற்கள் ஐந்தாறு எழுதிக் காட்டுங்கள்: மிடகு, தோலபி, கைமுனு. "இதெல்லாம் பூனைக்குட்டிகளுக்கு வெச்ச பேரு, படி பாக்கலாம்" என்றால் சிரித்துக்கொண்டே முயல்வார்கள். "அம்மா", "பள்ளி" என்று சரளமாகப் படித்த குழந்தை "மிடகு" முன்னால் வாயடைத்துப்போனால், அது எழுத்துக் கூட்டவில்லை என்று பொருள். கூடவே காதையும் சோதியுங்கள்: "கபடியில க-வ எடுத்துட்டா என்ன மிச்சம்?" என்ற கேள்விக்குப் "படி" என்று சொல்லும் குழந்தைக்குச் சொல்லை ஒலிகளாகப் பிரிக்கத் தெரிகிறது.

பத்தியை வாசிக்கச் செய்தல்

பாடப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தால் முந்தைய ஆண்டுப் புத்தகத்தில், வகுப்பில் நடத்தாத பகுதியாகப் பார்த்து எடுங்கள். ஒரு சிறுமி பாடம் ஒன்றைத் தங்குதடையின்றி வாசிக்க, நான் மகிழ்ந்து எட்டிப் பார்த்தபோது அவள் விரித்து வைத்திருந்தது அடுத்த பக்கம். நீங்களே ஒரு பத்தி எழுதிக்கொள்வது நல்லது. நான் பயன்படுத்தும் ஒன்று இது, சரியாக 40 சொல்:

"செல்வி கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். அவர்களுடைய படகு மற்றப் படகுகளோடு கரை ஓரமாகக் கட்டப்பட்டிருந்தது. 'இன்றும் கடலுக்குப் போகவில்லையா?' என்று அவள் கேட்டாள். 'இன்னும் இருபது நாள் இருக்கிறது' என்று சொல்லி அவர் சிரித்தார். அம்மா ஒரு வாழைப்பழத்தை மூன்றாக நறுக்கி, பெரிய துண்டைச் செல்வியிடம் கொடுத்தாள்."

குழந்தையின் கையில் ஒரு படி, உங்கள் கையில் ஒரு படி. குழந்தை வாசிக்கும்போது நீங்கள் குறுக்கிடாமல் உங்கள் படியில் குறித்துக்கொண்டே வர வேண்டும். மாற்றி வாசித்த சொல்லின் மேல் அது வாசித்ததை அப்படியே எழுதுங்கள். விட்டுவிட்டால் வட்டம் போடுங்கள். தானே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டால் "தி" என்று எழுதுங்கள். "தி" பிழைக் கணக்கில் சேராது. சொல்லப்போனால் நான் மிகவும் விரும்பித் தேடுவது அந்தத் "தி"-யைத்தான், ஏனென்றால் வாசித்தது பொருந்தவில்லை என்று உணர்ந்த குழந்தைதான் திரும்பிப் போகும். 40 சொல்லில் இரண்டு பிழைக்குள் இருந்தால் அந்தப் பத்தியைக் குழந்தை தனியாகவே வாசிக்கும். நான்கு வரை என்றால் பக்கத்தில் ஒருவர் இருந்து உதவலாம். அதற்கு மேல் போனால் பத்தி கடினம், எளியதைக் கொடுங்கள். 95, 90 சதவீதம் என்ற இந்த அளவுகோல் ஆங்கில வாசிப்பிலிருந்து வந்தது. ஆகவே தமிழுக்குத் தோராயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பற்றியும் இதே எச்சரிக்கை. மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்று ஒன்றிய அரசின் 2021-ஆம் ஆண்டு நிபுண் பாரத் திட்டம் இலக்கு வைத்தது. "பின்னிக்கொண்டிருந்தார்" என்பதும் ஒரு சொல், "கண்" என்பதும் ஒரு சொல் என்று எண்ணும் மொழியில் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு குழந்தையின் முன் நிற்காதீர்கள். அதே குழந்தையின் இன்றைய வேகத்தையும் ஆறு வாரம் கழித்த வேகத்தையும் ஒப்பிடுவதற்குக் கைப்பேசிக் கடிகாரம் பயன்படும், அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். இங்கே ஒரு குழந்தை "வலையப் பின்னிக்கினு இருந்தாரு" என்று வாசிக்கும். புதியவர்கள் இதைப் பிழை என்று குறித்துவிடுவார்கள். நிதானமாக யோசித்துப் பாருங்கள்: தாளில் இருப்பது "பின்னிக்கொண்டிருந்தார்". அந்த நீளமான சொல்லை எழுத்துக் கூட்டி, பொருளைப் பிடித்து, தன் வீட்டுத் தமிழுக்கு மாற்றி, கண் இமைக்கும் நேரத்தில் வெளியே சொல்லியிருக்கிறது அந்தக் குழந்தை. புரியாமல் இதைச் செய்ய முடியாது. ஆகவே பேச்சு வழக்குக்கு மாற்றி வாசித்ததை நான் பிழையாக எண்ணுவதில்லை. ஓரத்தில் "பே" என்று எழுதி வைப்பேன். "வாழைப்பழம்" என்பதை "வாயப்பயம்" என்று வாசிப்பதும் அப்படியே. பயமா, பழமா என்ற ஐயம் வந்தால் "அத என்ன பண்ணுவாங்க?" என்று கேளுங்கள், "துன்னுவாங்க" என்று பதில் வந்தால் வேலை முடிந்தது. ழகரத்தைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம், அது உச்சரிப்புப் பாடம். மாறாக, "கரை" என்பதைக் "கறி" என்று வாசித்துவிட்டு, கறி ஓரமாகப் படகு எப்படி நிற்கும் என்ற குழப்பமே இல்லாமல் மேலே போகும் குழந்தையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

கேள்வி கேட்பது

பத்தி முடிந்ததும் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "படிச்சத உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். பத்து விநாடி பொறுங்கள். புதியவர்களால் அந்தப் பத்து விநாடியைத் தாங்க முடிவதில்லை, தாங்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். குழந்தை யாரை, எதை, எந்த வரிசையில் சொன்னது என்பதைக் குறித்துக்கொண்ட பிறகே கேள்விக்கு வாருங்கள்.

பள்ளித் தேர்வில் கேட்பது போன்ற கேள்விகள் இங்கே உதவாது. ஏனென்று இந்த வாக்கியத்தைப் பார்த்தால் தெரியும்: "சொமரன் தபலையைக் கிழுக்கினான்." யார் கிழுக்கினான்? சொமரன். எதைக் கிழுக்கினான்? தபலையை. இரண்டுக்கும் நீங்கள் முழு மதிப்பெண் வாங்கிவிட்டீர்கள், வாக்கியத்துக்கோ பொருளே இல்லை. தமிழின் வேற்றுமை உருபுகளே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே "வலையைப் பின்னியது யார்?" என்ற கேள்வி ஒன்று போதும். மற்றவை பத்தியில் எழுதியிராததைக் கேட்க வேண்டும். "'சொல்லி அவர் சிரித்தார்'னு இருக்கே, அந்த அவர் யாரு?" "ஒரு பழத்த எதுக்கு மூணா நறுக்குனாங்க?" "அப்பா ஏன் கடலுக்குப் போகல?"

கடைசிக் கேள்வியை வைத்து நான் ஒரு பாடம் கற்றேன். மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பிள்ளைகள் யோசிக்காமல் "தடைக்காலம்" என்றார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதும், அந்த நாட்களில்தான் வலையைச் சீர்செய்வார்கள் என்பதும், வீட்டில் கைச்செலவுக்குத் திண்டாட்டம் என்பதும் அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். பழம் மூன்றானதற்கும் அவர்களே காரணம் சொன்னார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கொடுங்கையூரில் இதே பத்தியைக் கொடுத்தபோது, மிக நன்றாக வாசித்த ஒரு பையன் "அவங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்ல" என்றான். அவனுக்குப் புரிதல் குறைவு என்று எழுதிவிடலாமா? தடைக்காலம் என்ற ஒன்று அவன் உலகத்தில் இல்லை, அவ்வளவுதான். "இன்னும் இருபது நாள்" என்பதைக் கொண்டு காய்ச்சலை ஊகித்தது நல்ல ஊகமே. ஆகவே எந்தப் பத்தியானாலும், குழந்தைக்குத் தெரிந்த உலகத்தைப் பற்றி ஒன்று, தெரியாத உலகத்தைப் பற்றி ஒன்று என்று இரண்டு வைத்துச் சோதிக்காமல் "புரியவில்லை" என்று எழுதாதீர்கள்.

காதால் கேட்டுப் புரிந்துகொள்வது

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்வேன். முன்னதற்குச் சமமான கடினமுள்ள இன்னொரு பத்தியை நீங்களே நிதானமாக வாசித்துக் காட்டி, அதே வகைக் கேள்விகளைக் கேளுங்கள். தானாக வாசித்தபோது விழித்த குழந்தை, நீங்கள் வாசித்தபோது மடமடவென்று பதில் சொன்னால், மொழி நன்றாக இருக்கிறது, எழுத்துத்தான் தடை. எழுத்துக் கூட்டுவதில் பயிற்சி கொடுங்கள். சரளமாக வாசித்தும், கேட்டும், இரண்டிலும் பதில் வரவில்லை என்றால் எழுத்துப் பயிற்சி வீண். அந்தக் குழந்தைக்குக் கதை, பேச்சு, சொல்வளம் தேவை. இரண்டும் குறைவான குழந்தைகளும் உண்டு, அவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே தொடங்க வேண்டும்.

இதிலும் ஒரு பிரிவு இருக்கிறது. "மூதாட்டி குடிநீர் அருந்திவிட்டு இல்லம் திரும்பினாள்" என்று வாசித்தால் எதிரே இருக்கும் முகத்தில் ஒன்றும் இருக்காது. "ஒரு கெயவி தண்ணி குட்ச்சிட்டு வூட்டுக்குப் போச்சு" என்றால் "அப்பால?" என்று கேட்கும். கதை புரியாத குழந்தையா அது? புத்தகத் தமிழ் புரியாத குழந்தை. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு தள்ளி நிற்கும் மொழியில், கேட்டல் சோதனையை எழுத்து நடையில் ஒரு முறை, பேச்சு நடையில் ஒரு முறை என்று இரண்டாகச் செய்தால்தான் உண்மை தெரியும். சொற்களை ஒவ்வொன்றாகவும் கேட்டுப் பாருங்கள். "குடிநீர்னா என்ன?" என்று ஒரு சிறுமியிடம் கேட்டேன். "லாரில வர்ற தண்ணி" என்றாள். சென்னைக் குடிநீர் என்று தண்ணீர் லாரியின் வயிற்றில் எழுதியிருப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். நான் அதற்கு முழு மதிப்பெண் போட்டேன்.

வீட்டில் தமிழே பேசாத பிள்ளைகளும் வட சென்னையில் நிறைய உண்டு. கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெலுங்கு, மண்ணடியில் உருது, மணலி, மாதவரம் பக்கம் வேலைக்கு வந்த குடும்பங்களில் இந்தியும் ஒடியாவும். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை "மொழித்திறன் மிகக் குறைவு" என்று நான் குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் அழைத்துப் போக வந்த அவளுடைய பாட்டி தெலுங்கில் ஏதோ கேட்க, அன்று நான் சொன்ன கதையையே அவள் குரல் மாற்றி, கை ஆட்டி, நரி ஓடியதுவரை சொல்லி முடித்தாள். குறிப்பைக் கிழித்துப் போட்டேன். வீட்டு மொழி தெரிந்த அண்டை வீட்டாரையோ மூத்த பிள்ளையையோ கேட்டல் சோதனைக்கு உட்கார வையுங்கள்.

சொல்வதெழுதுதல்

இதற்குப் பத்து நிமிடம் போதும். படம்/பட்டம், பல்லி/பள்ளி, கல்/கால் போன்ற இணைகளில் எட்டுச் சொல் சொல்லுங்கள், பொருள் விளங்க ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்திலும் சொல்லுங்கள். குறிலும் நெடிலும் குழம்புகிறதா, மெய் இரட்டிப்பதைக் காது பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். ல, ள, ழ குழப்பம் இந்த வயதில் எல்லோருக்கும் இருப்பது. சந்தி எழுத்து விடுபட்டதைச் சிவப்பு மையில் சுழிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

குறிப்பு எழுதுவதும் வீட்டில் சொல்வதும்

குழந்தைக்கு ஒரு பக்கம் போதும். தேதி, கொடுத்த பத்தி, பிழை எண்ணிக்கை, இரண்டு மூன்று பிழைகள் அப்படியே, தானாக வாசித்தபோது எத்தனை கேள்விக்குப் பதில், கேட்டபோது எத்தனை, பேச்சு நடையில் எத்தனை. அதன் கீழே, நாளை என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வரி: "ஒற்றைக்கொம்புச் சொற்கள் பத்து" அல்லது "தினம் ஒரு கதை வாசித்துக் காட்டி, சொல்லச் சொல்வது". அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் மதிப்பீடு முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் பேசும்போது முதலில் வருவதைச் சொல்லுங்கள், பிறகு வராததை. "உங்க பொண்ணு கேட்ட கதைய அப்படியே சொல்றாங்க, எழுத்துதான் இன்னும் பழகல, தினம் பத்து நிமிஷம் உக்காரட்டும்" என்பது மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்கும் அம்மாவுக்குப் புரியும். வாசிப்பைப் பாதிக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்ஸியா என்ற சொல்லை நீங்கள் வாயிலெடுக்காதீர்கள். அதைச் சொல்லும் தகுதி நம்முடைய இந்தப் பாய்ச் சோதனைக்குக் கிடையாது. மூன்று நான்கு மாதம் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தும் எழுத்து நிற்கவில்லை, நேற்றுத் தெரிந்தது இன்று மறந்துபோகிறது என்றால், உங்கள் குறிப்புத்தாள்களோடு பள்ளி ஆசிரியரைப் பார்த்து, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டச் சொல்லுங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. முறையான சான்று கிடைத்தால் தேர்வுகளில் சலுகை கேட்க வழியுண்டு.

ஆறு வாரம் கழித்து மறுபடி உட்காருங்கள். செல்வியின் பத்தியையே திரும்பக் கொடுக்காதீர்கள். அதற்குள் பாதிப் பேருக்கு அது மனப்பாடமாகியிருக்கும், மீதிப் பேருக்குப் பக்கத்திலிருப்பவன் "தடைக்காலம்னு சொல்லுடா" என்று சொல்லிக்கொடுத்திருப்பான். வேறு 40 சொல் எழுதிக்கொண்டு போங்கள்.